சைன்

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில்.
மறக்கக்கூடாதென்று மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
கேள்வியை எழுதியே எடுத்துப் போயிருந்தேன்:
சைன் வேவா, ஸ்கொயர் வேவா?

லாரன்ஸ் ரோட்டில் அந்தக் கடைக்குள் நுழைந்தால்
முதலில் குளிர் வந்து அறையும்.
அப்புறம் நாற்பது டிவியில் ஒரே கிளி
நாற்பது தடவை சிறகடிக்கும்.
அதற்கப்புறம்தான் "வாங்க மேடம்."

பையனின் சட்டையில் 'ரோஸ்லின்' என்று பேர் அட்டை.
ரோஸ்லின் ஆடித் தள்ளுபடியோடு நின்றுவிட்டாளாம்.
அட்டை மட்டும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது.

"இந்த இன்வெர்ட்டர் சைனா தம்பி?"

"சைன் மேனேஜர் போடுவாரு மேடம், பில்லு மேல.
சீலும் வெச்சுத் தருவோம்."

சொன்னேன்.
வீட்டுக்காரருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும்.
முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின்,
ஜிப்மரில் எழுதிக் கொடுத்தது.
கரண்ட் போய்விட்டால், பழைய இன்வெர்ட்டரில் அது
தகர டப்பாவில் அடைபட்ட வண்டாகக் கத்துகிறது.
அதனால் அலை வளைந்து வர வேண்டும் தம்பி,
கட்டம் கட்டமாக வரக்கூடாது.
ரசீதில் வரைந்தும் காட்டினேன்.
இது தேவனாம்பட்டினத்து அலை.
இது மாடிப்படி.

அவன் இரண்டையும் கூர்ந்து பார்த்தான்.
"ப்ளூலயும் இருக்கு மேடம்."

மிக்ஸி பக்கமிருந்து இன்னொருவன் வந்தான்.
சந்தையில் மாட்டைத் தட்டுவதுபோல்
இன்வெர்ட்டரின் முதுகில் தட்டி
"ஃபைவ் ஸ்டார்" என்றான்.
எதுக்கு அஞ்சு?
"எல்லாத்துக்கும்."

மூன்றாவது ஆள் டை கட்டியிருந்தார், அதனால் நம்பினேன்.
அவர் கேள்வியையே வாங்கிக்கொள்ளவில்லை.
"ஜீரோ பர்சன்ட் இ.எம்.ஐ., கூட ஒரு ஹாட்பாக்ஸ்."

ஐப்பசி பிறக்க நாலு நாள்.
புயலுக்கெல்லாம் கடலூர் என்றால் வழி தெரியும்,
யாரையும் விசாரிக்காது.
போன தடவை வண்டுச் சத்தம் தாங்காமல்
முதல் ராத்திரியே மெஷினைக் கழற்றிவிட்டோம்.
கலியவரதன் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினார்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில்
பதினெட்டு.
விடியும் முன்பு ஒரு தடவை இருபத்தாறு.
இதை எந்த கவுண்டரில் சொல்வது?

அப்போது கரண்ட் போயிற்று.
நாற்பது கிளியும் ஒரே நொடியில் செத்தன.
இருபது வகை இன்வெர்ட்டர் விற்கிற கடையில்
ஒரு டியூப்லைட் எரியவில்லை.
யாரோ சிரித்தார்கள். நான்தானோ என்னவோ.

பையன் செல்போன் வெளிச்சத்தில்
பெட்டியைப் புரட்டிப் பார்த்தான்.
வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாளாம்.
அதற்கு முன்னால் முதுநகரில் ஐஸ் ஃபேக்டரி.
"ஐஸைப் பத்திக் கேளுங்க மேடம்,
எந்தப் பாளம் எத்தனை மணிக்குக் கரையும்னு
பாத்த உடனே சொல்லுவேன்.
இங்க வெலைய மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்க."

நான் கேட்டது பெட்டியில் அச்சிட்டுத்தான் இருந்தது,
சரியாக அதன்மேல் விலைச் சீட்டை ஒட்டியிருந்தார்கள்.
அவன் நகத்தால் சுரண்டினான்.
"ஸ்... ஸ்கொ..."
விளக்கு வந்துவிட்டது.
கிளிகள் எழுந்தன. டை கட்டியவர் திரும்பினார்.
பையன் சீட்டை அழுத்தி மறுபடி ஒட்டினான்.

"சூப்பர் பீஸ் மேடம். பேக் பண்ணிடவா?" இது டை.

பையன் வாயைத் திறக்கவில்லை.
என் கையிலிருந்த ரசீதில்
மாடிப்படியின் மேல் ஒரு விரலை வைத்தான்.
எடுத்துக்கொண்டான்.

வாசலில் காவலாளி ஒரு படிவத்தை நீட்டினார்.
உங்களுக்கு உதவிய ஊழியரின் பெயர்?
திரும்பிப் பார்த்தேன். யாருக்கோ அவன்
வாஷிங் மெஷினின் கதவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான்,
உள்ளே என்ன இருக்கிறதென்று தானும் பார்த்தபடி.

ரோஸ்லின் என்று எழுதினேன்.
கரையேறவிட்டகுப்பம் போகும் பஸ்
வெறுங்கையோடு ஏறுகிறவர்களுக்கும்
அதே டிக்கெட்தான் கிழிக்கிறது.